பாஸ்போர்ட் பள்ளியின் கையில், டியூஷன் வீட்டுக்குள்: சீனாவில் வாழும் ஓர் ஆசிரியர் குடும்பத்துக்கு வழக்கறிஞரின் பதில்

கடிதத்தின் சாரம்

சீனாவின் ஜியாங்சு மாகாணத்து நகரம் ஒன்றில், தனியார் பள்ளியின் சர்வதேசப் பிரிவில் இயற்பியல் ஆசிரியராகப் பணிபுரியும் தமிழ்நாட்டு வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவர் அங்கே சென்று மூன்றாவது ஆண்டு நடக்கிறது. மனைவி கணிதப் பட்டதாரி, பி.எட். முடித்து ஊரில் ஐந்து ஆண்டுகள் பள்ளியில் கற்பித்தவர். கணவரைச் சார்ந்தவர் என்ற முறையில் எஸ்1 விசாவில் சென்று, குடும்ப வசிப்பு அனுமதியில் இருக்கிறார். 14 வயது மகள் தந்தையின் பள்ளியிலேயே கட்டணமின்றிப் படிக்கிறாள். 7 வயது மகன் அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்ந்து, இப்போது சீன மொழியில்தான் சண்டை போடுகிறானாம்.

குடியிருப்பில் இருக்கும் அம்மாக்கள் கேட்டுக்கொண்டதால், இரண்டு மாதங்களாக மனைவி நான்கு குழந்தைகளுக்கு வீட்டில் ஆங்கிலமும் கணக்கும் சொல்லித்தருகிறார். பணம் வீசாட் என்ற கைபேசிச் செயலி வழியாக வருகிறது. முதலாளி என்று ஒருவர் இல்லாததால் இது வேலை ஆகாது என்று அங்குள்ள நம்மவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையே, அனுமதியைப் புதுப்பிப்பதாகச் சொல்லிப் பள்ளி அலுவலகம் நால்வரின் பாஸ்போர்ட்டையும் வாங்கி ஏழு வாரம் ஆகிறது. பழைய அனுமதி போன மாதக் கடைசியோடு முடிந்துவிட்டது. மூன்று மாதங்களுக்கு முன் வீடு மாறியதைக் காவல் நிலையத்தில் பதியவில்லை. ஷென்சென் நகரில் ஒரு பள்ளி செப்டம்பரிலிருந்து வேலை தருவதாகச் சொல்கிறது. ஆனால் இப்போதைய ஒப்பந்தம் இன்னும் ஓராண்டு இருக்கிறது. முன்னதாக விலகினால் மூன்று மாதச் சம்பளம் கட்ட வேண்டும், விடுவிப்புக் கடிதமும் கிடைக்காது என்று அலுவலகத்தில் மிரட்டுகிறார்கள். "ஜூலைச் சம்பளம் வந்ததும் விடுமுறைக்குப் போவதுபோலக் கிளம்பி, ஊரிலிருந்தே புதிய விசா எடுத்துக்கொள்ளலாமா?" என்பது அவருடைய கேள்வி. கடைசியில் ஒரு வரி: "அந்த நாலு பிள்ளைகள் வர ஆரம்பித்த பிறகுதான் இவள் முகத்தில் பழைய சிரிப்பைப் பார்க்கிறேன்."

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் முதன்மையாகக் கேட்டிருப்பது வேலை மாறுவதைப் பற்றி. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது, நடுவில் நீங்கள் சாதாரணமாகச் சொல்லிச் சென்ற பாஸ்போர்ட் விஷயம். அங்கே உங்கள் மனைவியும் குழந்தைகளும் தங்கியிருக்கும் உரிமை தனியாக நிற்பதில்லை. உங்கள் வேலை அனுமதி இருக்கும்வரைதான் அவர்களுடைய அனுமதியும் இருக்கும். ஆகவே எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசைதான் உங்களுக்கு இப்போது முக்கியம். ஷென்சென் வேலை அந்த வரிசையில் கடைசியில் வருகிறது.

முதலில் பாஸ்போர்ட்

புதுப்பிக்கும் விண்ணப்பத்தைப் பள்ளி உங்கள் சார்பில் கொடுப்பதில் தவறில்லை. பாஸ்போர்ட்டைச் சில நாட்கள் குடிநுழைவு அலுவலகம் வைத்திருப்பதும் வழக்கமே. ஆனால் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டதும் அந்த அலுவலகம் ஒரு ரசீது தரும். அதில் விண்ணப்பதாரரின் பெயர், பாஸ்போர்ட் எண், விண்ணப்பித்த நாள், திரும்பப் பெறும் நாள் ஆகியவை இருக்கும். வசிப்பு அனுமதிக்கான விண்ணப்பத்தின் மீது 15 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது 2013 ஜூலை 1 முதல் சீனாவில் நடைமுறையில் இருக்கும் வெளியேறல், நுழைவு நிர்வாகச் சட்டத்தின் விதி. ஏழு வாரம் என்பது இந்தக் கணக்கில் எங்கும் பொருந்தவில்லை.

எனவே நாளைக் காலையிலேயே பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். "பாஸ்போர்ட் எங்கே?" என்று கேட்டால் "வேலை நடக்கிறது" என்றுதான் பதில் வரும், ஆகவே "நான்கு பேருக்கும் ரசீதைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அனுமதி முடிவதற்கு 30 நாட்களுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது சட்டம். பள்ளி அதைச் செய்திருந்தால் ரசீது இருக்கும். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும் காலத்துக்கு அந்த ரசீதே உங்களுக்குக் காப்பு. ரசீது இல்லையென்றால், பாஸ்போர்ட்டுகள் யாரோ ஒருவரின் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன என்றும், நீங்கள் நால்வரும் போன மாதக் கடைசியிலிருந்து அனுமதியின்றித் தங்கியிருக்கிறீர்கள் என்றும் பொருள். அதற்கு முதலில் எச்சரிக்கை. கடுமையானதாகக் கருதப்பட்டால் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 500 யுவான் வீதம் 10,000 யுவான் வரை அபராதம், அல்லது 5 முதல் 15 நாட்கள் வரை காவல். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காகப் பெற்றோருக்கு எச்சரிக்கையும் 1,000 யுவான் வரை அபராதமும் உண்டு. அப்படி ஒரு நிலை இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல், பள்ளி அலுவலரையும் அழைத்துக்கொண்டு நீங்களே குடிநுழைவு அலுவலகத்துக்குப் போங்கள். தவறு யாருடையது என்பதைத் தானாக முன்வந்து விளக்குபவருக்கும், ஹோட்டல் வரவேற்பிலோ ரயில் நிலையத்திலோ பிடிபடுபவருக்கும் கிடைக்கும் நடத்தை வேறு வேறு.

"வெளிநாட்டு ஆசிரியர்களின் பாஸ்போர்ட்டைப் பள்ளிதான் வைத்திருக்கும், அது இங்கே வழக்கம்" என்று உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அது தவறு. பணியாளரின் அடையாள ஆவணங்களை நிறுவனம் பிடித்து வைக்கக் கூடாது என்று சீனாவின் தொழிலாளர் ஒப்பந்தச் சட்டத்தின் 9ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. இந்திய பாஸ்போர்ட் இந்திய அரசின் உடைமை. நீங்களே அதை யாரிடமும் அடகு வைக்க முடியாது. மறுத்தால் தேசியக் குடிநுழைவு நிர்வாகத்தின் 12367 என்ற எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் ஆங்கிலத்தில் பேசலாம். ஜியாங்சு மாகாணம் ஷாங்காயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறது. அவர்களுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

வீட்டுப் பதிவு

ஹோட்டல் அல்லாத இடத்தில் தங்கும் வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் அப்பகுதிக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். முதன்முறை வந்தபோது பதிந்ததே போதும் என்று நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள். வீடு மாறும் ஒவ்வொரு முறையும் பதிய வேண்டும், புதிய அனுமதி ஒட்டப்பட்ட பிறகும் பல நகரங்களில் பதியச் சொல்வார்கள். தவறினால் எச்சரிக்கையும் 2,000 யுவான் வரை அபராதமும் விதிக்கலாம். நீங்களாகப் போய்ச் சொன்னால் பெரும்பாலும் எச்சரிக்கையோடு முடியும். புதுப்பிக்கும் விண்ணப்பத்தோடு இந்தப் பதிவுச் சீட்டையும் கேட்பார்கள் என்பதால், உங்கள் கோப்பு இதனாலேயேகூட நின்றிருக்கலாம். வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல் இரண்டும் தேவைப்படும். வாடகை வருமானத்துக்கு வரி கேட்பார்கள் என்ற பயத்தில் நகல் தரத் தயங்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. அடுத்த வீடு பார்க்கும்போது, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

உங்கள் மனைவியின் டியூஷன்

இதைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. ஐந்தாண்டு அனுபவமுள்ள ஓர் ஆசிரியை மூன்றாண்டுகளாக அடுப்படியோடு நிற்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நான் உணர்கிறேன். ஆனாலும் அந்த வகுப்புகளை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

முதலாளி இல்லையென்றால் வேலையில்லை என்பது உங்கள் நண்பர்களின் கற்பனை. வேலை அனுமதியும், வேலைக்கான வசிப்பு அனுமதியும் இல்லாமல் வெளிநாட்டவர் பணிபுரிந்தால் அது சட்டவிரோத வேலை. யார் சம்பளம் தருகிறார் என்பது அங்கே முதல் கேள்வியல்ல. வந்த நோக்கத்துக்குப் புறம்பான செயலா என்பதுதான் கேள்வி. அபராதம் 5,000 யுவானிலிருந்து 20,000 யுவான் வரை. கடுமையானதாகக் கருதப்பட்டால் அதனுடன் 5 முதல் 15 நாட்கள் காவலும் சேரும். பணத்தைவிட நான் அதிகம் அஞ்சுவது அடுத்ததைத்தான். சட்டவிரோதமாக வேலை செய்தவரை நாட்டை விட்டு அனுப்ப முடியும். அப்படி அனுப்பப்பட்டவர் 1 முதல் 5 ஆண்டுகள் வரை திரும்ப நுழைய முடியாது. நீங்கள் அங்கே, அவர் இங்கே, பிள்ளைகள் நடுவில் என்று ஆகிவிடும்.

இன்னொரு சட்டமும் குறுக்கே நிற்கிறது. வீட்டுப்பாடம், தனிப்பயிற்சி இரண்டின் சுமையையும் குறைக்க 2021 ஜூலையில் வந்த "இரட்டைக் குறைப்பு"க் கொள்கைக்குப் பிறகு, ஒன்றிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பாடத் தனிப்பயிற்சி நடத்துவது சீனர்களுக்கே மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. ஆங்கிலமும் கணிதமும் அந்தப் பாடப் பட்டியலில் இருக்கின்றன. வீட்டில் நடத்தும் மறைமுக வகுப்புகள் குறிப்பாகக் கண்காணிக்கப்படுகின்றன. 2023 அக்டோபர் 15 முதல் இதற்கென்றே தனித் தண்டனை விதிகள் நடைமுறைக்கு வந்தன. புகார் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். மாடிப்படியில் செருப்புகள் நிறைந்திருப்பதைப் பார்க்கும் அண்டை வீட்டாரிடமிருந்து வரலாம். இடம் கிடைக்காத ஒரு தாயிடமிருந்தும் வரலாம். வீசாட்டில் வாராவாரம் ஒரே தொகை நால்வரிடமிருந்து வருவதை அன்பளிப்பு என்று விளக்கினால் எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார். அந்தப் பெற்றோருக்கு, "விசா விதிப்படி என்னால் தொடர முடியாது" என்று மட்டும் சொல்லி, முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடட்டும். விளக்கம் அதிகம் வேண்டாம்.

ஆனால் அவருக்கு நேர்வழி ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால் அது உங்களுக்குத் தெரியாது என்று எண்ணுகிறேன். அங்கே வேலை செய்யும் வெளிநாட்டவரின் துணைவர், செல்லுபடியாகும் வசிப்பு அனுமதியுடன் இருக்கும்போது, நாட்டைவிட்டு வெளியேறாமலேயே தன் பெயரில் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். பட்டமும், தொடர்புடைய துறையில் இரண்டாண்டு அனுபவமும், அழைக்கும் பள்ளியும் வேண்டும். முதல் இரண்டும் அவரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அவர் தேட வேண்டியது கணித ஆசிரியர் பணி. ஆங்கில மொழி ஆசிரியருக்கு, அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டின் பாஸ்போர்ட் வேண்டும் என்பது பொது விதி. இந்திய பாஸ்போர்ட்டில் ஆங்கில வகுப்பு எடுக்கலாம் என்று எந்த முகவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். வேறு பதவியின் பெயரில் அனுமதி வாங்கி ஆங்கிலம் கற்பிக்க வைப்பதும் சட்டவிரோத வேலையாகவே முடியும்.

சான்றிதழ்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரு நாட்டின் சான்றிதழை ஒரே முத்திரையோடு மற்ற நாடுகள் ஏற்க வகைசெய்யும் அப்போஸ்டில் உடன்படிக்கை 2023 நவம்பர் 7 முதல் சீனாவில் நடைமுறைக்கு வந்ததை வைத்து, இனி அந்த ஒரு முத்திரை போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சீனா சேர்வதற்கு இந்தியா ஆட்சேபம் தெரிவித்ததால், இவ்விரு நாடுகளுக்கும் இடையே அது செல்லாது. மனைவியின் பட்டம், பி.எட். சான்றிதழ் ஆகியவை இந்திய வெளியுறவு அமைச்சகம் வழியாகவும் அதன்பின் சீனத் தூதரகம் வழியாகவும் பழைய முறைப்படியே சான்றொப்பம் பெற வேண்டும். மூலச் சான்றிதழ்கள் ஊரில் இருந்தால், இந்தக் கோடையில் நீங்கள் செய்யக்கூடிய பயனுள்ள வேலை அதுதான். ஷென்சென் பள்ளியிடம் கணித ஆசிரியர் இடம் உண்டா என்றும் கேட்டுப்பாருங்கள். கணவன் மனைவி இருவரையும் சேர்த்து எடுப்பது சர்வதேசப் பள்ளிகளில் அபூர்வமல்ல.

வேலை மாறுவது

சொல்லாமல் கிளம்பும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். உங்கள் வேலை அனுமதி பழைய பள்ளியின் பெயரில்தான் இருக்கும். அவர்கள் அதை ரத்து செய்யாதவரை, புதிய பள்ளி உங்கள் பெயரில் விண்ணப்பித்தால் அந்த விண்ணப்பம் அங்கேயே நிற்கும். பள்ளி வழக்குத் தொடுத்தால், தீராத சிவில் வழக்கு உள்ள வெளிநாட்டவரை வெளியேறவிடாமல் நிறுத்தும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு. மூன்றாண்டு நற்பெயரை இப்படித் தொலைக்க வேண்டிய அவசியம் இல்லை, ஏனெனில் சட்டம் உங்கள் பக்கமே கணிசமாக இருக்கிறது.

தொழிலாளர் ஒப்பந்தச் சட்டத்தின் 37ஆவது பிரிவின்படி, 30 நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவித்துவிட்டு ஒரு பணியாளர் விலகலாம். 25ஆவது பிரிவின்படி, நிறுவனச் செலவில் பெற்ற சிறப்புப் பயிற்சி, போட்டி நிறுவனத்தில் சேராமை என்ற இரண்டைத் தவிர வேறெதற்கும் பணியாளரிடம் ஒப்பந்த மீறல் தொகை வசூலிக்க முடியாது. 50ஆவது பிரிவின்படி, பணி முடிந்ததும் அதற்கான சான்றை நிறுவனம் கட்டாயம் தர வேண்டும். தராததால் நஷ்டம் ஏற்பட்டால் ஈடுகட்ட வேண்டும். ஆக, விடுவிப்புக் கடிதம் என்பது பள்ளி மனமிரங்கித் தரும் சலுகை அல்ல.

ஆனால் இங்கே ஒரு நிதானம் தேவை. இந்தப் பிரிவுகள் வெளிநாட்டுப் பணியாளருக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதில் எல்லா நகரங்களும் ஒன்றுபோல் தீர்ப்பளிப்பதில்லை. ஷாங்காய் போன்ற இடங்களில், இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதற்கே அதிக மதிப்புத் தரும் போக்கு நெடுங்காலமாக உண்டு. ஆகவே மூன்று மாதச் சம்பளம் என்ற நிபந்தனை செல்லவே செல்லாது என்று நான் உறுதி கொடுக்கமாட்டேன். அது முழுதாகச் செல்லும் என்று நீங்கள் அஞ்சவும் வேண்டாம். ஒப்பந்தத்தின் சீன மொழிப் பகுதியை நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வரிக்கு வரி படிக்கச் சொல்லுங்கள். முரண்பாடு வந்தால் சீனப் பிரதியே செல்லும் என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். நீங்கள் படித்தது ஆங்கிலப் பகுதியை மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

பேச்சுவார்த்தைக்கு உங்களிடம் நல்ல பிடி இருக்கிறது. கல்வியாண்டு முடியும்வரை இருந்து, தேர்வுத் தாள்களைத் திருத்தி ஒப்படைத்துவிட்டு ஜூலைக் கடைசியில் விலகுவதாகவும், அடுத்த ஆசிரியரைத் தேட அவர்களுக்கு இப்போதிருந்தே அவகாசம் கொடுப்பதாகவும் எழுதுங்கள். கைக்கு வந்த பாஸ்போர்ட்டும் புதிய அனுமதியும் இல்லாமல் இந்தக் கடிதத்தைக் கொடுக்கவே கூடாது. புதுப்பித்தல் அவர்கள் கையில் இருக்கும்போது விலகல் கடிதம் கொடுப்பது, உங்கள் குடும்பத்தையே அவர்களிடம் பணயம் வைப்பதாகும். கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், அச்சிட்டும் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள். அவர்கள் இணங்காவிட்டால் தொழிலாளர் தகராறு நடுவர் குழுவை அணுகலாம். அங்கே கட்டணம் கிடையாது. ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கமாக 45 நாட்களில் முடிவு வரும், சிக்கலான வழக்கில் மேலும் 15 நாட்கள் ஆகலாம். நடுவர் குழுவைத் தாண்டி நேரே நீதிமன்றம் போக முடியாது. 12333 என்ற தொழிலாளர் துறை எண்ணில் முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

பணி முடிந்த நாளிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் பழைய அனுமதியை ரத்து செய்யப் பள்ளி விண்ணப்பிக்க வேண்டும். அது நடக்கும்போது உங்கள் மனைவி, பிள்ளைகளின் அனுமதிக்கும் அடித்தளம் போய்விடுகிறது என்பதால், புதிய பள்ளியின் விண்ணப்பம் தயாராக இருக்கும் வாரத்தில் அது நிகழும்படி இரு பள்ளிகளோடும் தேதி பேசுங்கள். ஷென்சென் பள்ளியின் எழுத்துபூர்வ ஒப்பந்தம் கையில் இல்லாமல், வாய்வார்த்தையை நம்பி எதையும் தொடங்க வேண்டாம்.

பிள்ளைகளின் படிப்பு

மகனைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. அரசுப் பள்ளியில் சேர்க்கும் விதிகள் நகரத்துக்கு நகரம் மாறுவதால், ஷென்செனில் குடியேறும் வட்டாரத்தின் கல்வி அலுவலகத்தில் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுங்கள். மகளைப் பற்றித்தான் நீங்கள் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவள் ஐஜிசிஎஸ்இ பாடத்திட்டத்தில் முதலாம் ஆண்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது இரண்டாண்டுப் படிப்பு. நடுவில் பள்ளி மாறினால், தேர்வு வாரியமும் எடுத்த பாடங்களும் ஒத்துப்போக வேண்டும். புதிய பள்ளி அதே வாரியத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் தனித்தனியாக நடத்துகிறதா என்று கேளுங்கள். அவள் மருத்துவம் படிக்க ஆசைப்படுவதாகச் சொன்னீர்கள். நீட் எழுத, மேல்நிலை அளவில் அம்மூன்று பாடங்களும் ஆங்கிலமும் தேவை, ஆகவே இப்போதே உயிரியலை விட்டுவிடும்படி ஆகிவிடக் கூடாது. கட்டணச் சலுகையையும் ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். "பார்த்துக்கொள்கிறோம்" என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தைப் பள்ளி ஏற்றால், ஃபாப்பியாவ் எனப்படும் உரிய சீன வரி ரசீது இருக்கும்போது வெளிநாட்டுப் பணியாளருக்கு அதன் மீது வருமான வரி விலக்கு 2027 டிசம்பர் 31 வரை உண்டு. வீட்டு வாடகைக்கும் அப்படியே.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில் மகனின் பாஸ்போர்ட் அடுத்த மார்ச்சில் முடிகிறது என்று எழுதியிருந்தீர்கள். சிறுவர்களுக்கான இந்திய பாஸ்போர்ட் ஐந்தாண்டுகளுக்குத்தான். பாஸ்போர்ட் முடியும் நாளைத் தாண்டி வசிப்பு அனுமதி தரமாட்டார்கள். ஆகவே இப்போதைய புதுப்பித்தல் முடிந்து பாஸ்போர்ட் கைக்கு வந்தவுடன், நீங்கள் ஜியாங்சுவில் இருக்கும்போதே ஷாங்காய் துணைத் தூதரகத்தில் அவனுக்குப் புதிய பாஸ்போர்ட் எடுத்து, அந்த எண் மாற்றத்தை 10 நாட்களுக்குள் குடிநுழைவு அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். ஷென்சென் போன பிறகு நீங்கள் குவாங்சோ துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருவீர்கள். வேலை மாற்றமும் பாஸ்போர்ட் மாற்றமும் ஒரே மாதத்தில் மோதிக்கொள்ள விட வேண்டாம்.